அக்கா வாசலில் நின்ற ஆம்னி வேன்

என் வீட்டுக்காரர் சவரிராஜ், குடவாசல் பக்கத்தில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்துவிட்டாலும் அவருடைய கண் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. தெருவில் நடந்தால் தரையைப் பார்க்கமாட்டார். மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சாணியில் காலை வைப்பார். எங்கேயாவது தென்னை மட்டை கம்பியில் உரசிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகருவார். ஊரில் ஃபியூஸ் போனால் இன்றைக்கும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். "நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோய் இருக்கிறது. நான்தான் முதலில் கவனித்தேன். குறட்டை பெரிதாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று சத்தம் அடங்கிவிடும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு தண்ணீருக்குள் முங்கியவர் மேலே வந்தது போல ஓர் இழுப்பு இழுப்பார். மறுபடியும் குறட்டை. ராத்திரி முழுக்க இப்படியே போகும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். கோயிலில் பிரசங்க நேரத்தில் தூங்குவார். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு ஒரு நாள் தூங்கினார், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதற்குப் பிறகு கம்பத்து உச்சியில் பெல்ட்டில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்து சொன்னார்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். "இது இல்லாம ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது" என்றார். அதை மாட்டிய முதல் நாள், கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கியதை நான் பார்த்தேன். காலையில் எழுந்து, "ஏன் அருளு, பொழுது இவ்வளவு வெளிச்சமாவா விடியும்?" என்று கேட்டார்.

மெஷினுக்குக் கரண்டு வேண்டும். அதனால் கரண்டு இல்லாத வீட்டில் இவரால் ராத்தங்க முடியாது. அப்படி ஒரு வீடு எங்கள் சொந்தத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இவருடைய அக்கா பாத்திமா மேரியின் வீடு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி ஒரு மேட்டு நிலம். என் மாமனார் குத்தகைக்குப் பயிரிட்ட நிலம் அது. அதிலேயே மண்சுவர் வைத்து வீடும் கட்டியிருந்தார். நிலம் எங்கோ வெளியூரில் இருக்கிற ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அவர்கள் அதைப் பக்கத்து இறால் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். அண்ணிக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. "எங்கப்பா உழுத மண்ணு. எங்களக் கேக்காம எப்புடி விக்கலாம்?" என்று கேஸ் போட்டார். கோர்ட்டில் தடை உத்தரவு வந்தது. இடம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும், இரண்டு தரப்பும் புதிதாக எதையும் கட்டவோ ஊன்றவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு கேஸ் நிற்கிறது.

கேஸ் நடக்கிற இடத்துக்கு மின் இணைப்பு கிடையாது. அண்ணி வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பம் நிற்கிறது, அதிலிருந்து இறால் பண்ணைக்கு லைன் போகிறது. குளத்துத் தண்ணீரைக் கலக்குகிற சக்கரங்கள் அங்கே விடிய விடியச் சுற்றும். பண்ணை விளக்கு வெளிச்சத்தில்தான் அண்ணி பாத்திரம் கழுவுவார். "ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்த. உடம்பொறந்தவளுக்கு ஒரு கொக்கி போட்டுவிடக் கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டார். இவர், "வேலையில இருந்தப்பப் பூரா கொக்கியக் கழட்டுனவன்க்கா நான்" என்று சொல்லிவிட்டார். அண்ணி சிரித்தாலும் இவர் சிரிக்கவில்லை.

தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் வருவார்கள். நம்ம ஆட்சி வந்தால் பட்டா உறுதி என்பார்கள். ஆட்சி மாறி மாறி வந்தது, பட்டா வரவில்லை. ஆனால் ரேஷன் கார்டுக்குக் கொடுத்ததெல்லாம் தவறாமல் வந்து சேர்ந்தது. ஓர் ஆட்சியில் கலர் டிவி வந்தது, அடுத்த ஆட்சியில் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் வந்தன. எல்லாம் அட்டைப் பெட்டி பிரிக்காமல் அண்ணியின் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பெட்டிகளை எலி கடிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார்.

அண்ணி ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு வரமாட்டார். ஒரு தடவை சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாக நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் ராத்தங்கினார். விடிந்து வந்து பார்த்தால் மேற்குப் பக்க வேலியைக் காணோம். வேலி நின்ற இடத்தில் பொக்லைன் ஓடிய தடம் இருந்ததாம். அதற்குப் பிறகு எங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. ராத்திரியில் படுத்தாலும் தூக்கம் கிடையாது. நாய் குரைத்தால் எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு நாலு மூலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவை நாங்கள் பகல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரும்போதும் அண்ணியின் கண்ணுக்குக் கீழே கருப்பு கூடிக்கொண்டே போனது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே இவர் சொன்னார்:

"ஒரு ராத்திரியாவது நான் அங்க இருந்தா அக்கா கொஞ்சம் கண்ண மூடும் அருளு. ஒரு ஆம்பளத் தொணை இருக்குன்னு."

அந்த வருஷம் மாமியாருடைய நினைவு நாள் தவக்காலத்தில் வந்தது. அதற்குள் எப்படியாவது அக்கா வீட்டில் ராத்தங்கிவிட வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். கேஸ் நடத்துகிற வக்கீலைப் போய்ப் பார்த்தார். வீட்டுக்கூரையில் சோலார் தகடு வைக்கலாமா என்று கேட்டார். வக்கீல் கையை ஆட்டினார். "புதுசா ஒரு ஆணி அடிச்சாலும் அவங்க போட்டோ எடுத்துக் கோர்ட்ல குடுப்பாங்க." கம்பு நட்டு அதில் வைக்கலாமா? அதுவும் கூடாது. இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வண்டியக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தலாமா சார்?" என்றார். "வண்டி என்ன கட்டடமா? தாராளமா நிறுத்துங்க" என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வரும்போது இவர் நடையே மாறியிருந்தது. மறு வாரம் பழைய ஆம்னி வேன் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. மழலையர் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டி. உள்ளே மிட்டாய்த் தாளும் பென்சில் சீவலும் கிடந்தன. நான் பெருக்கினேன், இவர் பின் சீட்டுகளைக் கழற்றினார். பலகை அடித்து ஒரு படுக்கை போட்டார். அடுப்பு வைக்க ஓர் இடம், குடத்துக்கு ஒரு வளையம், துணி தொங்கவிட ஒரு கயிறு. எதிர்வீட்டு வேம்பு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன் தனிக்குடித்தனம் போறாரா?"

"நீயும் வேணா ஏறிக்க. முன் சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றார் இவர்.

வேன் கூரையில் மாட்டச் சோலார் பேனலும் பேட்டரியும் வாங்க நாகூர் போனோம். தர்கா தெருவை ஒட்டி யூனுஸ் பாய் கடை. அவர் குவைத்தில் ரொம்ப காலம் இருந்தவர். அங்கே குளிர்காலத்தில் வசதியான குடும்பங்கள் பாலைவனத்தில் போய், வண்டியிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பொழுதைக் கழிப்பார்களாம். அந்த வண்டிகளுக்குப் பேனல் மாட்டுவதுதான் அங்கே அவருக்கு வேலை.

"கரண்டு ஆபீஸ்காரரே கரண்டு இல்லாத இடத்துக்குச் சாமான் கேட்டு வந்திருக்கீங்க. இன்னைக்கு மழ வந்துரும் அண்ணே" என்றார்.

இவர் தன் கணக்கைச் சொன்னார். "மேல எவ்வளவு எடம் இருக்கோ அவ்வளவு பெருசா பேனல் குடுங்க பாய். பேட்டரி சின்னதா இருந்தாப் போதும்."

"ஏன் அப்புடி?"

"வர்றது நெறைய வந்தா சேத்து வைக்க எதுக்கு?"

"மெஷின எப்ப மாட்டுவீங்க?"

"ராத்திரிதான்."

"ராத்திரி சூரியன் உங்க வேன் மேல வந்து நிக்குமாண்ணே? டூட்டி போட்டு வச்சிருக்கீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. இவருக்குக் கரண்டு என்றால் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும் ஒன்று. வராவிட்டால் கம்பத்தில் ஏறிச் சரிசெய்வார், மறுபடியும் வரும். தீர்ந்துபோகிற கரண்டை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "நீங்க வாய்க்காலப் பத்திப் பேசுறீங்க. இது கொடத்துல மோந்து வைக்கிற தண்ணி" என்று யூனுஸ் பாய் சொன்னதும்தான் அவருக்குப் பிடிபட்டது.

பிறகு பாய் மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதில் காற்றோடு ஈரம் கலக்கத் தண்ணீரைச் சூடுபண்ணுகிற ஒரு தொட்டி உண்டு.

"இதக் கழட்டி வச்சிருங்க. பாதிக் கரண்ட இதுதான் தின்னுது. வேதாரண்யத்துக் காத்துல இல்லாத ஈரமா?"

இன்வெர்ட்டரும் வேண்டாம் என்றார். பேட்டரியில் இருப்பது டிசி கரண்டு, மெஷின் உள்ளே எடுத்துக்கொள்வதும் டிசி. "நடுவுல அத ஏசியாக்கி, திரும்ப டிசியாக்குறது, நாகூர்லேருந்து நாகப்பட்டினம் போறதுக்குத் தஞ்சாவூர் சுத்துற மாதிரி." பேட்டரியிலிருந்து மெஷினுக்கு நேராகப் போகிற வயர் ஒன்றை எடுத்துவைத்தார். அக்கா வீட்டில் இருக்கிற சர்க்கார் ஃபேனை இதில் ஓட்டலாமா என்று இவர் கேட்டார். "அது ஏசி கரண்டுல ஓடுறது அண்ணே. அதப் பெட்டியோடயே வச்சிருங்க" என்று சொல்லி, உள்ளங்கை அகல இறக்கை வைத்த ஒரு சின்ன டிசி ஃபேனைக் காட்டினார். இட்லித் தட்டு அளவுதான் இருந்தது. ஆனால் காற்று நேராக முகத்தில் வந்து அடித்தது.

பேட்டரியில்தான் நேரம் பிடித்தது. இவர் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற பெரிய ஆசிட் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். பழகிய சாமான். யூனுஸ் பாய் என் பக்கம் திரும்பினார். "அதுல ஆவி கெளம்பும்மா. மூச்சுக்கு மெஷின் மாட்டுற மனுசன் தலமாட்டுல, கதவு சாத்துன வண்டிக்குள்ள அத வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க." கடைகளில் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு, "ஆவி வராததே குடுங்க" என்று சொல்லிவிட்டேன். அது லித்தியம் பேட்டரி. ஒரு கையால் தூக்கலாம். ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுசு குறையும், இதில் அடிவரை எடுக்கலாம் என்றார்.

லித்தியத்திலும் இரண்டு அளவு இருந்தது. பெரியது வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு ராத்திரி தாங்கும். சின்னது ஒரு ராத்திரிக்குச் சரியாக இருக்கும்.

"பெருச எடுத்துக்குங்க அண்ணே."

"எதுக்கு பாய்? கஜா புயல்ல எங்கக்கா வீட்டுப் பக்கம் ஒரு மரம் மிச்சமில்ல. நெழலே கெடையாது. பங்குனி வெயில்ல மறுநா நெறைஞ்சிரும்."

"மேகம் போட்டா?"

"பங்குனியில ஏது மேகம்?"

சின்னதையே வாங்கினோம். பேனல் மட்டும், குடத்துப் பேச்சு புரிந்த பிறகும், கூரைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பெரிதாக வாங்கினார். அந்த ஆசையை விட அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் வாசலிலேயே வேனை நிறுத்தி, உள்ளே படுத்துச் சோதனை பார்த்தார். நான் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு காதை வாசலில் வைத்திருந்தேன். மெஷின் விடியும்வரை நிற்காமல் ஓடியது. காலையில் வேம்பு கோலம் போட வந்தவள், வேனிலிருந்து இவர் இறங்குவதைப் பார்த்தாள். "சண்டை முடிஞ்சிதா அண்ணே, இன்னும் நாளாகுமா?" என்றாள்.

நினைவு நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா வாசலில் வேன் போய் நின்றது. அண்ணி வேனைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து படுக்கையை அமுக்கிப் பார்த்தார், கண்ணாடியில் முகம் பார்த்தார். "இதுல நீ மட்டும் படுத்தா எப்புடி, அவ எங்க படுப்பா?" என்றார். நான் அண்ணியோடு வீட்டுக்குள் படுப்பதாகச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள், கரண்டுக்காரர் வந்திருக்கிறார் என்று செய்தி பரவி, அதே அறக்கட்டளை நிலத்தில் குடியிருந்து கேஸில் மாட்டிக்கொண்ட மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் செல்போனும் சார்ஜர் வயரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இவரால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வேனுக்குள் சிலந்தி வலை மாதிரி வயர் தொங்கியது. அண்ணி ஒவ்வொருவரையும், "எந்தம்பி வண்டி" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

அன்று ராத்திரி இவர் மூக்கில் மெஷினை மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை, அண்ணி தூங்காததால். நாய் குரைத்தபோதெல்லாம் எழுந்தார். வேனைத் தாண்டித்தான் மேற்குப் பக்கம் போகவேண்டும். போகும்போது ஒரு தடவை வேனின் ஜன்னலில் டார்ச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். உள்ளே உஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறவருக்கு வெளியே பொக்லைன் வந்தாலும் கேட்காது. அண்ணிக்கும் அது தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்.

காலையில் இவர் சிரித்த முகத்தோடு எழுந்து, "அக்கா நல்லாத் தூங்குச்சா?" என்று என்னிடம் கேட்டார். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"அவங்க படுக்கவே இல்லங்க. உங்களுக்கும் சேத்துக் காவல் இருந்தாங்க."

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளிக்காமல் அப்படியே நின்றார்.

அந்த நேரத்தில் டிவிஎஸ் ஃபிப்டி ஒன்று படபடவென்று வந்து நின்றது. இறால் பண்ணையின் ஆள் செல்லதுரை. தினமும் காலையில் வந்து இடத்தைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்புவது அவர் வேலை. இறங்காமலே போனைத் தூக்கினார்.

"என்னம்மா, ஸ்டே இருக்குற எடத்துல புதுசா கட்டடம் எழும்பியிருக்கு?"

"கண்ணத் தொடச்சிட்டுப் பாரு. கட்டடத்துக்கு எந்த ஊர்ல சக்கரம் வைக்கிறாங்க?" என்றார் அண்ணி.

"மேல தகடெல்லாம் போட்டிருக்கு?"

"அடியில நம்பர் பிளேட்டும் போட்டிருக்கு. அதையும் சேத்து எடு. உங்க மொதலாளி நல்லாப் பாக்கட்டும்."

செல்லதுரை சிரித்துவிட்டார். "நானும் சம்பளத்துக்குத்தானம்மா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நம்பர் பிளேட்டையும் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனார்.

பூசைக்கு மூன்று பேரும் நடந்துதான் போனோம். கல்லறையில் பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி முடிந்ததும் அண்ணி நிற்கவில்லை, வீட்டுக்கு ஓடிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பழகினவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்ப, வெயில் சாய ஆரம்பித்துவிட்டது.

தூரத்திலேயே எனக்கு நாற்றம் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், வேன் கூரையில் ஒரு மூலை மிச்சமில்லாமல் நெத்திலி பரப்பியிருந்தது. அண்ணி முக்காலியின் மேல் நின்று, தென்னங்குச்சியால் அதைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தவக்காலத்துக்குக் கருவாடு இல்லாம உன்ன எப்புடி அனுப்புறதுன்னு நெனச்சேன் தம்பி. கரைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். தரையில போட்டா நாய் இழுக்குது, வேலியில போட்டாக் காக்கா தூக்குது. உன் வண்டி மேல கண்ணாடி நல்லாச் சுடுது. தகரத்துல ரெண்டு நாள் காயிறது இதுல ஒரு நாள்ல காஞ்சிரும் போல!"

இவர் அக்காவைப் பார்த்தார், நெத்திலியைப் பார்த்தார். வேனுக்குள் தலையை விட்டுப் பேட்டரியின் மீட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ராத்திரி மெஷினும் அத்தனை பேரின் செல்போனும் எடுத்ததுபோக மிச்சம் கொஞ்சம் இருந்தது, பகலில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. யூனுஸ் பாய் மேகத்தை மட்டும்தான் சொல்லியிருந்தார். நான் பயந்துகொண்டு நின்றேன். இவர் கோபப்பட்டால் அண்ணி தாங்கமாட்டார், இன்றைக்கு அம்மா நினைவு நாள் வேறு.

இவர் ஒரு நெத்திலியை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "உப்பு சரியாத்தான்க்கா இருக்கு" என்றார்.

பிறகுதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அண்ணி முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, உன் மூச்ச நான் மூடி வச்சிட்டனே" என்று அள்ளப் போனார். இவர் தடுத்தார். வெயில் போய்விட்டது, இனி அள்ளியும் ஒன்றும் ஏறாது. நாகப்பட்டினம் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் போய்விடுங்கள், வண்டி கிடக்கட்டும் என்றார் அண்ணி. நானும் அதைத்தான் நினைத்தேன். இவர் மீட்டரை மறுபடி பார்த்தார்.

"மெஷினுக்குப் பத்தாது. ஃபேனுக்கு விடியிறவரைக்கும் வரும்."

"ஃபேன வச்சு என்ன பண்ணுவ?"

"நீ உள்ள படு. நான் வெளிய இருக்கேன்."

"நீ எங்க தூங்குவ?"

"தூங்குனாத்தான மெஷின் வேணும்? நேத்து நான் தூங்குன தூக்கத்துக்கு ஒரு ராத்திரி முழிச்சிருக்க மாட்டனா?"

"கண்ணசந்துட்டா?"

"அருளு இருக்கா. கிள்ளுவா."

மெஷின் வருவதற்கு முன்னால் அவரால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அப்போதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். முந்தின நாள் ராத்திரி வேனுக்குள் தூங்கியதால்தான் அன்றைக்கு அவர் கண் அத்தனை தெளிவாக இருந்தது.

அண்ணி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் வீட்ட விட்டுட்டு வண்டியில படுக்குறதா?" என்றார். வண்டி உன் வாசலில்தானே நிற்கிறது என்று இவர் சொன்னார். கதவைச் சாத்தக் கூடாது, மேற்குப் பக்கம் தெரியவேண்டும் என்றார் அண்ணி. சரி என்றார். டார்ச் என் கையில்தான் இருக்கும் என்றார். அதற்கும் சரி என்றார். நெத்திலியை அள்ளி வைத்து, சாப்பிட்டு, ஜெபமாலை சொல்லி முடித்த பிறகு, அண்ணி வேனில் ஏறிப் படுத்தார். இவர் ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

"அடடா" என்றார் அண்ணி. முன்நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது.

அப்புறம் பேச ஆரம்பித்தார். அம்மா கடைசியாகச் சாப்பிட்ட கஞ்சி, அதில் உப்புப் போட மறந்தது, அதற்கு அம்மா திட்டியது, அப்பா உளுந்து விதைத்த வருஷம், அந்த வருஷம் வந்த மழை. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டிருந்தார். "மேலண்ட வரப்புல அப்பா ஒரு" என்றார் அண்ணி. அப்பா அங்கே ஒரு என்னவென்று இரண்டு பேரும் காத்திருந்தோம். சத்தமே இல்லை. இவருடைய மூச்சுக்காகக் காத்திருந்து பழகிய பயத்தில் நான்தான் எட்டிப் பார்த்தேன். அண்ணி தூங்கிவிட்டிருந்தார். எரிகிற டார்ச் கையிலேயே இருந்தது. இவர் விரல்களைப் பிரிக்காமல் சுவிட்சை மட்டும் தள்ளி அணைத்தார்.

அன்று ராத்திரி இவர் அக்கா நடக்கிற வழியிலேயே நடந்தார். நாய் குரைத்தபோது, அண்ணி எழுந்துவிடக் கூடாதே என்று நாய்க்கு மீன் தலை போட்டார். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொடுத்தேன். பண்ணைச் சக்கரங்கள் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான புதிதில் புயல் வேலைக்கு, பீடர் லைன் பழுதுக்கு என்று ராத்திரியெல்லாம் வெளியே போய்விடுவார். இப்படி ஒரு ராத்திரி சேர்ந்து விழித்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தலை சாயும்போதெல்லாம் கிள்ளினேன். "மெதுவா கிள்ளேன்டி" என்று அதையும் ரகசியமாகச் சொன்னார்.

விடிந்து, வெளிச்சம் வேனுக்குள் வந்து, அண்ணியின் பாதத்தில் விழுந்தது. அவர் அசையவில்லை. பால்காரர் மணியடிக்காமல் போகும்படி நான் ரோட்டிலேயே போய் நின்று பாலை வாங்கிவந்தேன். ஃபேன் வேகம் குறைந்து, தள்ளாடித் தள்ளாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் பேனலைத் துடைக்க ஒரு துணியை நனைத்து வைத்துக்கொண்டு, அக்கா எழாமல் எப்படி மேலே ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் திருப்பத்தில் கேட்டது. செல்லதுரை தினமும் வருகிற நேரம். இவர் பதறிப்போய், ஈரத்துணியோடு பாதைக்கு ஓடி, குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்தார். வண்டி நின்றது. இவர் வாயில் விரலை வைத்து, வேனைக் காட்டினார்.

செல்லதுரை எட்டிப் பார்த்தார். திறந்த கதவுக்குள் அண்ணி ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தூங்கி அவர் பார்த்திருக்கவே மாட்டார். எத்தனையோ காலமாக எந்த நேரத்தில் வந்தாலும் எதிரே வந்து நின்று பதில் சொல்கிற ஆள் அது. அவர் என்ஜினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்குறேன் சார்" என்றார், குரலை இறக்கி.

வண்டியைத் திருப்பி, உருட்டிக்கொண்டே போனார். மணல் பாதை. சக்கரம் புதைந்து புதைந்து வந்தது, குனிந்து தள்ளினார். திருப்பம் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகுதான் வண்டியைக் கிளப்புகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.